புருவத்தில் இருந்த எழுத்து

மார்ச் மாதம். போர்ட்டோ அலெக்ரியில்
ஒரு செருப்புக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
டாக்டர் ஜுசாரா வெள்ளைப் பென்சிலால்
உன் முகமெங்கும் புள்ளி வைத்தாள்.
நெற்றியில் ஏழு, புருவ நடுவில் ஐந்து,
கண்ணோரம் மும்மூன்று,
பிறகு மூக்கின் பக்கம், மேலுதடு, தாடை,
கழுத்தில் இறங்கும் இரண்டு கயிறுகள்.
நாற்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை.
கீழே பேருந்து போவது தரை வழியே
என் காலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

வலித்தால் இடது கண்ணைச் சுருக்குவாய்.
சுருக்கினாய்.
அதுதான் கடைசி.

தொலைக்காட்சியின் கீழ்மூலையில்
காப்பித் தட்டளவு வட்டத்துக்குள் நின்று
பதினோரு வருடம் நகரமன்றத்தை
எங்களுக்குக் கையால் சொன்னவள் நீ.
ஒப்பனைக்காரன் வாண்டர்லே சொன்னானாம்:
புது கேமரா காட்டிக்கொடுக்கிறது, டல்வினா,
எப்போதும் கோபமாக இருப்பதுபோல் தெரிகிறீர்கள்.
அன்றிரவு படுக்கை விளக்கடியில்
உன் கைகள் என்னிடம் சொல்லின:
நான் கோபமாக இல்லை.
நான் இலக்கணமாக இருந்தேன்.
ஆனாலும் தேதி வாங்கிவிட்டாய்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நான் பல்செட் செய்கிறவன்.
எழுபது வயதுக்காரருக்கு
முப்பது வயதுப் பல்லை விற்றிருக்கிறேன்.

பத்தாம் நாள் முகம் அடங்கியது.
அழகாக இருந்தாய், அதை மறைத்தால் பொய்.
காற்றே படாத தண்ணீர்.

காது கேட்பவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும்:
எங்கள் மொழியில்
வந்தாய் என்பதற்கும் வந்தாயா என்பதற்கும் கை ஒன்றுதான்.
அந்தக் கடைசி எழுத்து புருவத்தில் இருக்கிறது.
ஏறினால் கேள்வி.
நெரிந்தால் எங்கே, ஏன், எவ்வளவு.

ஓர் உறுப்பினர் எழுந்து மேசையைக் குத்தினார்:
பாலத்தைக் கட்டி முடித்தீர்களா?
வட்டத்துக்குள் நீ:
பாலத்தைக் கட்டி முடித்தீர்கள்.
வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நெரேவு கையை வீசினான்,
நகரமன்றம் திருந்திவிட்டதப்பா, எல்லாம் முடிந்திருக்கிறது!
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம்.
நானும்தான்.
வீடு திரும்பும்போது அந்தக் கையைப்
பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில்: சாப்பிட்டாய், என்பாய்.
நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்.
மழை வருகிறது, என்பாய்.
ஜன்னலைப் பார்ப்பேன். வெயில்.
ஒரு ஞாயிறு பாத்திரத் துணியைக் கீழே வைத்துவிட்டு
என் எதிரே வந்து நின்றாய்.
என்னோடு நிம்மதியாக இருக்கிறாய்.

கேட்டாயோ, தீர்ப்புச் சொன்னாயோ.
இருபத்தாறு வருடத்தில் முதல்முறை
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
தலையாட்டி வைத்தேன்.
அந்த ஆட்டத்தை நீ எப்படிப் படித்தாயோ,
உன் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஜூனில் குளிர் வந்தது.
பட்டறையில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்கு
அச்சு வார்த்துக்கொண்டிருந்தேன்.
கதவருகே விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினாய்.
திரும்பினேன்.
ஒரு கையில் போன், அதில் டாக்டரின் எண்.
மறு கையால் சொன்னாய்:
இன்னொரு முறை போட்டுக்கொள்ளட்டும்

அப்போது இடது புருவம்,
இடது மட்டும்,
ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம்,
நோயிலிருந்து எழுந்தவன் முதல்படி ஏறுவதுபோல்
நடுங்கி
ஏறியது.

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முதல் கேள்வி.

மணிக்கட்டு வரை என் கைகளில் ஈர ஜிப்சம்.
இந்தக் கையோடு பதில் சொல்ல முடியாது,
கழுவிவிட்டு வருகிறேன் என்று தலையைக் காட்டினேன்.
குழாயைத் திறந்தேன்.
விரல் விரலாக, நக இடுக்கு ஒவ்வொன்றாக,
எப்போதும் கழுவாத முழங்கை வரை
கழுவிக்கொண்டே இருந்தேன்.
எதிரே கண்ணாடி.
அதில் நீ, கதவில் சாய்ந்தபடி,
பதிலுக்காக இன்னும்
அதை இறக்காமல்.